குட்டிக்கான ஊசியைத் தாய்க்குப் போடுங்கள்: குதிரைப் பண்ணையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பண்ணையாளர்களுக்கும், லாயத்தில் இராப்பகலாகக் குதிரைகளைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் வணக்கம்.

"குட்டி பிறந்து பத்து நாளாச்சு டாக்டர், எப்ப வந்து ஊசி போடுறீங்க?" என்று உங்களில் பலர் கேட்கிறீர்கள். அக்கறையோடு கேட்கிறீர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் குட்டிக்கு முதலில் சேர வேண்டிய ஊசி, அது வயிற்றில் இருக்கும்போதே தாயின் கழுத்தில் போட்டிருக்க வேண்டியது. ஒவ்வொரு லாயத்திலும் தனித்தனியாகச் சொல்லிவரும் இதை எல்லோருக்குமாக ஒருமுறை எழுதிவிடலாம் என்றுதான் இந்த மடல்.

மனிதக் குழந்தை தாயின் நோய் எதிர்ப்பொருள்களில் ஒரு பங்கைக் கருப்பையிலேயே வாங்கிக்கொண்டு பிறக்கிறது. குதிரையின் நஞ்சுக்கொடி அவற்றைக் கடத்தாது. குட்டி கிட்டத்தட்ட வெறுங்கையோடு பிறக்கிறது, கிடைப்பதெல்லாம் சீம்பாலில்தான். சீம்பாலில் உள்ள எதிர்ப்பொருளை அப்படியே இரத்தத்துக்குள் விடும் சக்தி குட்டியின் குடலுக்கு முதல் சில மணி நேரம் நன்றாக இருக்கும். பிறகு மணிக்கு மணி குறைந்து, 24 மணி நேரத்துக்குள் நின்றுவிடும்.

ஆகவே, மடியில் சீம்பால் ஊறும் வாரங்களில் தாயின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் நிறைந்திருக்க வேண்டும். ஈனுவதற்கு 4 முதல் 6 வாரம் முன்பு பூஸ்டர் போடச் சொல்வது இதற்காகத்தான். சினைக்காலம் சுமார் 340 நாள் என்று வைத்தால், 300-ஆம் நாளை ஒட்டி அந்த ஊசி வரும். ரணஜன்னி (டெட்டனஸ்) ஊசி எந்தப் பண்ணைக்கும் பொது. இன்ஃப்ளூயன்சா, வெறிநோய், கொசு பரப்பும் மூளைக்காய்ச்சல் ஆகியவற்றில் எது வேண்டும் என்பதை உங்கள் வட்டார நோய் நிலவரம் தெரிந்த மருத்துவர் சொல்வார். இதுவரை ஊசியே காணாத பெட்டைக்கு ஒரு டோஸ் போதாது. 4 முதல் 6 வார இடைவெளியில் இரண்டு போட்டு, இரண்டாவது அந்த 300-ஆம் நாளுக்கு வந்து சேரும்படி பார்க்க வேண்டும். ஈனும் நாள் நெருங்கி, மடி இறங்கிக் காம்பில் மெழுகு கட்டிய பிறகு கூப்பிட்டால் என்னால் செய்ய முடிவது மிகக் குறைவு.

ரணஜன்னியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதன் வித்துகள் மண்ணிலும் சாணத்திலும் எங்கும் கிடக்கின்றன. வீட்டு விலங்குகளில் குதிரை அளவுக்கு இதற்கு எளிதில் இரையாகும் விலங்கு வேறில்லை. குட்டிக்கு ஈரம் காயாத தொப்புள் ஒன்றே போதும், உள்ளே நுழைந்துவிடும். காது விறைக்கும், வால் தூக்கி நிற்கும், நாலு காலும் அகன்று மரம்போல் ஆகிவிடும். முகத்தருகே லேசாகத் தட்டினால் கண்ணின் உள்மூலையிலிருந்து மூன்றாவது இமை வெளுப்பாகக் குறுக்கே பாயும். மடிக்கு முன்னால்தான் நிற்கும், உதடு காம்பைத் தொடும், தாடை பூட்டிக்கொண்டதால் உறிஞ்ச வராது. அந்த நிலைக்கு வந்த குட்டிகளில் பிழைப்பவை சிலவே. தாய்க்குக் காலத்தில் போட்ட ஒரு பூஸ்டரும் வயிறு நிறையக் குடித்த சீம்பாலும் இதைத் தடுத்துவிடும் என்பதால்தான் எனக்கு இவ்வளவு ஆதங்கம்.

ஊசி போட்டாயிற்று என்று சீம்பாலை மறந்துவிடாதீர்கள். சில பெட்டைகளுக்கு ஈனுவதற்கு முன்பே நாள்கணக்கில் பால் வடியும். வடிவது பெரும்பாலும் சீம்பால்தான். போட்ட ஊசியின் பலன் தரையில் போகிறது. அப்படிக் கண்டால் உடனே சொல்லுங்கள், வேறு பெட்டையின் உறைய வைத்த சீம்பாலுக்கு ஏற்பாடு செய்யலாம். குட்டி பிறந்த 18 முதல் 24 மணி நேரத்துக்குள் கொஞ்சம் இரத்தம் எடுத்துப் பார்த்தால், 100 மில்லியில் 800 மில்லிகிராமுக்கு மேல் எதிர்ப்பொருள் இருந்தால் நிம்மதி. 400-க்குக் கீழே போனால் பிளாஸ்மா (இரத்தத்தின் நீர்ப்பகுதி) ஏற்ற வேண்டியிருக்கும்.

சினையில் ஊசி போட்டால் குட்டியை வீசிவிடும், அதாவது கரு கலைந்துவிடும் என்ற பயம் பல லாயங்களில் இருக்கிறது. சினைக்குதிரைகளுக்கு வழக்கமாகப் போடுபவை உயிரற்ற கிருமியில் செய்த ஊசிகள். போட்ட இடத்தில் ஓரிரு நாள் வீக்கம் வரலாம். முதல் இரண்டு மாதத்தில் அவசியமில்லாத ஊசியைப் பலரும் தவிர்க்கிறோம், அவ்வளவுதான். உண்மையில் குட்டியை வீச வைப்பவற்றில் முக்கியமானது குதிரை ஹெர்பிஸ் வைரஸின் முதல் வகை. நன்றாகத் தின்றுகொண்டிருந்த பெட்டை, சினையின் கடைசி மாதங்களில், எந்த அறிகுறியும் காட்டாமல் வீசிவிடும்; அடுத்தடுத்து மற்றவையும் வீசலாம். அதற்கான ஊசி 5, 7, 9-ஆம் மாதங்களில். அது முழுக் காப்பு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சினைப்பெட்டைகளைப் பால் மறந்த குட்டிகளோடும் வெளியிலிருந்து வந்த குதிரைகளோடும் கலக்காமல் வைப்பதும் அதே அளவு முக்கியம். வீசிய குட்டியையும் நஞ்சுக்கொடியையும் உடனே புதைத்துவிடாமல், கையுறை போட்டுப் பையில் கட்டி வைத்துக் கூப்பிடுங்கள். சோதித்தால்தான் காரணம் தெரியும்.

இனி, அந்தப் பத்து நாள் குட்டி. தாய்க்கு முறையாக ஊசி போட்டிருந்தால் குட்டிக்கு 4 முதல் 6 மாதம் வரை பொறுக்க வேண்டும்; இன்ஃப்ளூயன்சா ஊசிக்கு 6 மாதமே ஆகட்டும். தாய் தந்த எதிர்ப்பொருள் உடலில் இருக்கும்போது போட்டால், அதுவே ஊசி மருந்தை மடக்கிவிடும். குட்டியின் உடல் சொந்தமாக எதையும் கற்காது. ஊசி போடாத தாயின் குட்டிக்கு மட்டும் கணக்கு வேறு: பிறந்தவுடனே ரணஜன்னி முறிமருந்து தேவைப்படலாம், தடுப்பூசியும் முன்னதாகத் தொடங்கும். அதனால்தான் குட்டியைப் பார்க்கும் முன் தாயின் ஊசிக் கணக்கைக் கேட்கிறேன்.

பொலிக்கு (இணை சேர) விட்ட தேதியை லாயச் சுவரில் எழுதுங்கள். 5, 7, 9-ஆம் மாதங்களையும் 300-ஆம் நாளையும் அன்றைக்கே பக்கத்தில் குறித்துவிடுங்கள். குட்டிக்கு முதல் டோஸ் போட்ட 4 முதல் 6 வாரத்தில் இரண்டாவது, 10 முதல் 12 மாத வயதில் மூன்றாவது. அந்த மூன்றாவது வருவதற்குள் பல குட்டிகள் கைமாறிவிடுகின்றன, ஊசி விடுபட்டும் போகிறது. விற்கும்போது கயிற்றோடு ஊசி நோட்டையும் கொடுங்கள். அடுத்தது எந்தத் தேதியில் என்று வாங்குபவரிடம் வாய்விட்டுச் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் லாயங்களுக்கு வந்துபோகும் ஒரு கால்நடை மருத்துவர்