பழைய பயிற்சிக் கூடம்: புதுப்பிப்புப் பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்களுக்கு வணக்கம்.

பொதுக்குழு எங்களிடம் ஒப்படைத்த தேனீ வளர்ப்புப் பயிற்சிக் கூடத்தின் வேலை முடிந்துவிட்டது. தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கு தனியே வருகிறது. செய்ததையும், வேண்டுமென்றே செய்யாமல் விட்டதையும் இங்கே சொல்கிறோம்.

கூடத்தை அருங்காட்சியகமாக்கச் சொன்னவர்களுக்கு வருத்தம் இருக்கும். ஆனால் எந்தக் காலத்துக் கூடத்தைக் காட்டுவது? 1920களில் கிறித்தவ இளைஞர் சங்கமான ஒய்.எம்.சி.ஏ.வைச் சேர்ந்த ஸ்பென்சர் ஹாட்ச் மார்த்தாண்டத்தில் கோழி வளர்ப்பும் தேனீ வளர்ப்பும் கற்றுக்கொடுத்தபோது இது மலையாளம் ஆட்சிமொழியாயிருந்த திருவிதாங்கூர் சீமை; நம் பழைய பேரேடுகள் மலையாளத்தில் இருப்பது அதனால்தான். அவர் காட்டிய வழியில் தொடங்கிய நம் பண்ணையில் இந்தக் கூடம் முதலில் கோழிக்கொட்டகை, பிறகு நியூட்டன் பெட்டி என்னும் மரத் தேன்பெட்டி செய்யும் தச்சுப்பட்டறை. 1991-ல் தேனீப் புழுக்களைத் தாக்கும் தாய் சாக் புரூட் (Thai sacbrood) என்ற வைரஸ் நோய் வந்தது. புழுக்கள் நீர் கோத்த பைகளாக ஊதிச் செத்தன, பெட்டிகள் காலியாயின. கூடத்தை ரப்பர் ஷீட்டைப் புகைபோட்டு உலர்த்த வாடகைக்கு விட்டோம். அதை இன்றும் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. அந்த வாடகை வராதிருந்தால் புதுப்பிக்கக் கூரையே மிஞ்சியிருக்காது. மேலும், இன்று நம் தேனில் பெரும்பகுதி ரப்பரின் இளந்தளிர்க் காம்பில் சுரப்பதுதான்! ஆகவே உத்திரங்களில் படிந்த புகைக்கரியைச் சுரண்டவில்லை.

இற்றுப்போன கூரைக் கழிக்கோல்களுக்குப் பதில் அயினி மரம் போட்டோம். கறையானுக்கு மருந்து தெளிக்கலாம் என்றார் ஒப்பந்தக்காரர். முற்றத்தில் தேன்பெட்டிகள் இருக்கும்போது அதற்கு நாங்கள் இசையவில்லை. முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசினோம். நெடி இன்னும் போகவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். பெட்டிக் கால்களுக்கு அடியில் எறும்பு ஏறாமலிருக்க நீர் ஊற்றி வைத்த சிரட்டைகள் அடிக்கடி கவிழ்ந்ததால், சிமெண்டிலேயே சிறு குழிகள் வார்த்துவிட்டோம்.

2023-ல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபின் வாங்குவோர் சுத்தத்தைத் துருவிக் கேட்கிறார்கள். அதனால் கூடத்தின் பாதியை வடிகட்டிப் புட்டியில் அடைக்கும் அறையாக மாற்றினோம். பயிற்சி மறு பாதியில் நடக்கும். இட நெருக்கடிதான், வேறு வழியில்லை.

கீழைச் சுவரில் ஈரம் கசிவது நிற்கவில்லை. எடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழைக்கு முன் அதைப் பூச, மீதியிருக்கும் பணத்தைத் தனியே வைத்திருக்கிறோம். சாவி செயலாளரிடம் இருக்கிறது. தேன் எடுக்கும் இயந்திரம் வேண்டுவோர் முந்தைய நாளே பதிவேட்டில் பெயர் எழுதவும். கழுவாமல் திருப்பித் தந்தால் வாங்கிக்கொள்ள மாட்டோம்.

திருப்பணிக் குழு