உருண்டு எழும் பாலம்

மண்டபம்,
மார்கழி 12

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது.

இங்கு நானும் அம்மாவும் அக்கா வீட்டாரும் நலமாக இருக்கிறோம். நீயும் மருமகளும் பேரனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஹாம்பர்க் துறைமுகத்துப் பழைய சரக்குக் கிடங்குகளில் இரட்டைச் சகோதரர்கள் 2001ஆம் ஆண்டில் திறந்த மினியட்டூர் வுண்டர்லாந்து என்ற மாதிரி ரயில் கண்காட்சிக்குக் கடந்த விடுமுறையில் பேரனை அழைத்துப் போனதாகச் சொல்லி, நீ ஒரு காணொளி அனுப்பியிருந்தாய். அதை அம்மா இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறாள். அப்படி ஒன்று நம் பக்கத்தில் எங்கே வரப்போகிறது என்று அன்று நினைத்தேன். இந்த அரையாண்டு விடுமுறையில், அதன் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத, ஆனால் நம்முடையதான ஒரு கண்காட்சியைப் பார்த்துவிட்டு வந்தோம். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். முடிவில் உன்னிடம் ஒரு வேலையும் கேட்கப் போகிறேன்.

ராமநாதபுரத்தில் ஒரு திருமண மண்டபத்தில் மூன்று நாள் நடந்தது. அக்காவின் பிள்ளைகள் இருவரையும் அழைத்துக்கொண்டு, நானும் அம்மாவும் காலைப் பேருந்தில் போனோம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பல ஆண்டுகளாகத் தம் வீட்டு மாடியில் செய்து சேர்த்ததை, மேசைகளை ஒன்றோடொன்று இணைத்து அங்கே பரப்பி வைத்திருந்தார். மண்டபம் நிலையத்தில் தொடங்கி, பாம்பன் நீரிணையைக் கடந்து, ராமேசுவரம் வரை போகும் பாதை அது. பனைகள் எல்லாம் துடைப்பக் குச்சியும் பச்சை நூலும்தான். கடல், நீல வண்ணம் பூசிய பலகையின் மேல் வார்த்த தெளிவான பிசின். கரையில் ஏற்றிவைத்த வத்தைப் படகின் முன்முனையில் பெயர்கூட எழுதியிருந்தார். அம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அதைப் படித்தாள்.

அளவு ஒன்றுக்கு 87, அதாவது நிஜத்தில் 87 மீட்டர் இருப்பது இங்கே ஒரு மீட்டர். நீ பார்த்ததும் அதே அளவுதான் என்று அவர் சொன்னபோது எனக்கு உன் நினைவு வந்தது. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பேத்தி, கையிலிருந்த நுழைவுச்சீட்டின் பின்புறத்திலேயே கணக்குப் போட்டாள். 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாம்பன் பாலத்தில் செங்குத்தாக மேலே எழும் பகுதி 72.5 மீட்டர், அது இங்கே ஏறத்தாழ 83 சென்டிமீட்டர் ஆகிறது. பாலம் முழுவதையும் அப்படியே செய்தால் 24 மீட்டர் வேண்டும். திருமண மண்டபத்தில் அவ்வளவு இடம் இல்லாததால் இரு பக்கமும் தூண்களுக்கு இடைப்பட்ட கண்களைக் குறைத்து, நடுப்பகுதியை மட்டும் சரியான அளவில் வைத்திருந்தார். அது சரியான முடிவு என்றே எனக்குத் தோன்றியது.

34 ஆண்டுகள் தண்டவாள இடைவெளியை அளந்த பழக்கம் போகவில்லை. குனிந்து பார்த்ததும் கண்ணில் பட்டுவிட்டது. நம் அகலப் பாதை 1,676 மில்லிமீட்டர். 87இல் வகுத்தால் 19 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வரவேண்டும். அங்கே இருந்தது 16.5. கேட்டேன். மாதிரித் தண்டவாளங்கள் ஐரோப்பிய 1,435 மில்லிமீட்டர் பாதையை வைத்தே செய்யப்படுகின்றன, அதற்கேற்ற சக்கரங்கள்தான் கடையில் கிடைக்கின்றன என்று அவர் விளக்கினார். அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகு என்னைப் பார்வையாளராக நடத்தவில்லை. கயிற்றுக்கு உள்ளே அழைத்து, பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டார். மின்சாரம் 12 வோல்ட், தண்டவாளத்தின் வழியாகவே சக்கரத்துக்கு ஏறுகிறது. தண்டவாளத்தில் இம்மி அழுக்குப் படிந்தாலும் வண்டி நின்றுவிடும் என்பதால், மணிக்கொருமுறை சாராயத்தில் நனைத்த துணியால் துடைத்தார். உப்புக் காற்றோடு மல்லுக்கட்டி என் காலம் கழிந்தது உனக்குத் தெரியும். பொம்மைத் தண்டவாளத்துக்கும் அதே பாடுதான் என்று பார்த்ததும் அந்தத் துணியை நானே வாங்கிக்கொண்டேன்.

மேசையின் கிழக்கு ஓரத்தில், தனுஷ்கோடிக்குப் பிரியும் பாதை மணலில் புதைந்து முடிந்திருந்தது. ஏன் அதற்கு மேல் போகவில்லை என்று சின்னவன் கேட்டான். 1964 டிசம்பர் 22 இரவு, புயலில் கடல் புகுந்து ஊரையும் பயணிகள் ரயிலையும் கொண்டுபோனதைச் சொன்னேன். அம்மாவின் பெரியம்மா குடும்பம் அந்த இரவோடு போனதால், அவளெதிரே அதிகம் சொல்லவில்லை. ஆனால் அவளாகவே குனிந்து, அவர்கள் வீடு இருந்த திசையைப் பிள்ளைகளுக்கு விரலால் காட்டினாள்.

இப்போது உன்னிடம் கேட்க வந்த காரியம். 1914இல் திறந்த பழைய பாலத்தையும் அவர் புதியதன் அருகிலேயே செய்திருந்தார். அதன் தூக்கு இறக்கைகள் இரண்டையும் கதவுக்கு வைப்பதைப் போல ஒரே இடத்தில் கீல் வைத்து மாட்டியிருந்தார். அந்தப் பாலம் திறக்கும் செர்சர் முறை அதுவல்ல. இறக்கையின் அடியில் வண்டிச் சக்கரத்தின் ஒரு துண்டைப் போன்ற வளைவு இருக்கும். இரு பக்கமும் ஆட்கள் நின்று கையால் சுழற்றும்போது, அந்த வளைவு தளத்தின் மேல் பின்னோக்கி உருளும். ஆகவே இறக்கை மேலே எழும்போதே கப்பலுக்கு வழிவிட்டுப் பின்வாங்கவும் செய்யும். உன்னைத் தோளில் ஏற்றிச் சாலைப் பாலத்தின் கைப்பிடிச் சுவரருகே நின்று இதைக் காட்டியிருக்கிறேன். 'பாலம் எழுந்து நகர்ந்து உட்காருகிறது' என்று நீ சொன்னாய். அதைவிடச் சரியாக நான் இதுவரை யாரிடமும் கேட்டதில்லை.

மெதுவாக அவரிடம் இதைச் சொன்னேன். அவர் வருத்தப்படவில்லை, தாம் ஒருமுறைகூட அது திறப்பதை அருகிலிருந்து பார்த்ததில்லை என்றும், படங்களை வைத்தே செய்ததாகவும் சொல்லி, கோடை விடுமுறைக் கண்காட்சிக்குள் மாற்றிவிட வேண்டும் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பாலத்தில் ரயில் ஓடுவது 2022 டிசம்பரிலேயே நின்றுவிட்டது. இனி அது உருண்டு எழுவதைப் பேரப்பிள்ளைகள் காண வேண்டுமானால், அந்த மேசையின் மேல்தான் காண முடியும். அதனால்தான் இது தவறாக இருக்கக் கூடாது என்று இவ்வளவு தவிக்கிறேன்.

நீ இயந்திரவியல் படித்தவன். வளைவின் ஆரம் எவ்வளவு வைத்தால் இறக்கை எவ்வளவு பின்வாங்கும் என்று ஒன்றுக்கு 87 அளவில் வரைந்து அனுப்பு. அட்டையில் வெட்டிப் பார்க்கும் வேலையைப் பேத்தி ஏற்றுக்கொண்டிருக்கிறாள். கல்லூரி விடுமுறையில் நீ எடுத்த பாம்பன் படங்கள் உன்னிடம்தான் இருக்கின்றன. பாலம் பாதி திறந்திருக்கும் படம் ஒன்று அதில் உண்டு. வளைவு முழுவதும் தெரிவது அதில் மட்டும்தான். பொங்கலுக்குள் அதை முதலில் அனுப்பிவிடு.

அன்புடன்,
அப்பா