முதல் தப்புக்கே வெளியே கூப்பிடாதீர்கள்

சாட்ஸ்வர்த், டர்பன்

அன்புள்ள கண்ணு,

போனில் நீ பேசியதைவிட விழுங்கியதுதான் அதிகம். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். தமிழ் படித்து நாளாகிவிட்டது என்றால் வாய்விட்டுப் படி. கோயில் வகுப்பில் படித்தது எங்கே போய்விடும்?

நீ உதவி கோச்சாக இருக்கிற ஜெர்மன் கூடைப்பந்து கிளப்பில் சரியாக ஆட விடுவதில்லை என்று நீ சொன்ன அந்த இளம் பையன் ஆடிய மேட்சை அண்ணன் லேப்டாப்பில் போட்டுக் காட்டினான். இரண்டாவது குவார்ட்டரில், அதாவது ஆட்டத்தின் இரண்டாவது கால் பகுதியில், இறக்கினீர்கள். முதலில் நன்றாகத்தான் ஓடினான். அப்புறம் எதிரணிக்காரன் ஒருவன் வழியை மறித்து நின்று ஸ்க்ரீன் போட, அதைச் சுற்றி எந்தப் பக்கம் போவது என்று இவன் தடுமாறிய நேரத்தில் பந்து கூடைக்குள் விழுந்துவிட்டது. அடுத்த விசிலுக்கே ஆளை மாற்றிவிட்டார் உங்கள் பெரிய கோச். மாற்றியதுகூடப் போகட்டும். கூடை விழுந்ததும் அவன் முகம் எங்கே திரும்பியது என்று கவனித்தாயா? பந்துப் பக்கம் இல்லை, ஓட வேண்டிய பக்கமும் இல்லை. நேரே உங்கள் பெஞ்சுக்கு. பெஞ்சைப் பார்த்துக்கொண்டே ஆடுகிற பிள்ளைக்கு 2 நிமிஷம் கொடுத்தாலும் 20 நிமிஷம் கொடுத்தாலும் ஒன்றுதான்.

நான் பள்ளிக்கூடத்துப் பெண்களுக்கு நெட்பால் சொல்லிக்கொடுத்தவள். கூடைப்பந்தில் உனக்குப் பாடம் எடுக்க வரவில்லை. ஆனால் எங்கள் ஆட்டத்தில் ஒரு விதி இருந்தது, உனக்கும் நினைவிருக்கும். உங்கள் ஆட்டத்தில் விசில் ஊதி ஆட்டம் நின்றால் ஆளை மாற்றிக்கொண்டே இருக்கலாம், கணக்கே கிடையாது. நாங்கள் ஆடிய நெட்பாலில் ஆளை மாற்றக் குவார்ட்டர் முடிய வேண்டும், இல்லாவிட்டால் யாருக்காவது அடிபட வேண்டும். சின்னப் பெண் ஒருத்தியை உள்ளே அனுப்பிவிட்டால், பந்தை நாலு தடவை கோட்டை விட்டாலும் அந்த 15 நிமிஷமும் அவள்தான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே நிற்பேன். ஐந்தாவது நிமிஷத்தில் அழுதுவிடுவாள் போல இருக்கும். பத்தாவது நிமிஷத்தில் எதிராளி எந்தத் தோள் பக்கம் திரும்பிப் பாஸ் கொடுக்கிறாள் என்று அவளே கண்டுபிடித்திருப்பாள். அந்த ஐந்து நிமிஷத்தை நான் கொடுக்கவில்லை, விதி கொடுத்தது. விதி இல்லையென்றால் நானும் கூப்பிட்டிருப்பேனோ என்னவோ, யார் கண்டது?

உங்கள் கோச்சைக் குறை சொல்லி நீ என்னிடம் புலம்பினாய். எனக்கு அவர் பக்கமும் புரிகிறது. ஜெர்மன் லீகில் கடைசி இரண்டு இடத்தில் நின்றால் கீழ் லீகுக்கு இறக்கிவிடுவார்கள். அப்புறம் ஸ்பான்சர் போவான், பாதிப் பேருக்கு வேலை போகும், முதலில் அவர் வேலைதான் போகும். 2015 ஆகஸ்ட்டில் ஜோஹன்னஸ்பர்க் எல்லிஸ் பார்க்கில் அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் ஆட்டம் நடந்தபோது, ஆப்பிரிக்க அணியில் ஆடிய யானிஸ் அந்தெதொகும்போவைப் பார்க்கணும் என்று அடம்பிடித்தாயே, அவர் கதையை எடுத்துக்கொள். 2013இல் என்பிஏ அணியான மில்வாக்கி அவரை எடுத்தபோது 18 வயது. முதல் சீசனிலேயே மேட்சுக்கு 24 நிமிஷத்துக்கு மேல் ஆட விட்டார்கள். சராசரி 7 புள்ளிகூட வரவில்லை. எப்படி விட முடிந்தது? அந்த வருஷம் 82 மேட்சில் அவர்கள் ஜெயித்ததே 15. தோற்றால் தண்டனை இல்லை, புது வீரர்களை அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கிற அடுத்த டிராஃப்டில் இரண்டாவது ஆளாக ஒரு பையனை எடுத்துக்கொள்ளும் வரம்தான் கிடைத்தது. உங்கள் ஊரில் அப்படித் தோற்றால் கிளப்பே கீழே போய்விடும். அதனால் அமெரிக்கக் கதையை உங்கள் கோச்சிடம் கொண்டுபோகாதே. அவர் சிரிப்பார்.

தோற்கக் கூடாத அணியில் சிக்கிய பையன் கதை வேறு. 2020 டிராஃப்டில் இரண்டாவது இடத்தில் இன்னொரு என்பிஏ அணியான கோல்டன் ஸ்டேட் எடுத்த ஜேம்ஸ் வைஸ்மன் கல்லூரியில் ஆடியிருந்ததே 3 மேட்ச். கர்ரி, டிரேமண்ட் கிரீன் எல்லாம் கண்ஜாடையிலேயே ஆடுகிற அணி அது. பந்து ஒரு இடத்தில் நிற்காது. அதற்குள் இந்தப் பையன் வந்து நின்றான். முதல் சீசனிலேயே முழங்காலில் அடி, அடுத்த சீசன் முழுக்க ஆடவில்லை. அவன் இல்லாமலே 2022இல் கோப்பை வாங்கினார்கள். 2023 பிப்ரவரியில் வேறு அணிக்கு அனுப்பிவிட்டார்கள். திறமை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அங்கே தப்பு செய்து பழக அவனுக்கு இடமும் இல்லை, நேரமும் இல்லை.

ஜெர்மனியிலேயே வழி இருக்கிறது, நீதான் எனக்கு முன்பு சொன்னாய். இரட்டை உரிமம்: ஒரே பையன் மேல் லீக் அணியிலும் கீழ் லீக் அணியிலும் ஆடலாம். டென்னிஸ் ஷ்ரூடர் பிரவுன்ஷ்வைக் கிளப்பில் இருந்தபோது அந்த உரிமத்தில் மூன்றாம் நிலை லீகில் ஆடிப் பழகித்தானே மேலே வந்தார்? 2013இல் என்பிஏ, 2023இல் உலகக் கோப்பையின் சிறந்த வீரர். நடுவில் அந்தக் கிளப்பையே வாங்கிப் போட்டார், அது வேறு கதை. உங்கள் பையனுக்கும் கீழ் லீகில் அணி இருக்கிறது என்றாய். அங்கே போவதை அவன் அவமானமாக நினைக்கிறான் என்றும் சொன்னாய். அது அவன் தப்பு இல்லை, நீங்கள் அனுப்புகிற விதத்தில் இருக்கிறது. மேட்சில் சொதப்பிய மறுநாள் அனுப்பினால் தண்டனை என்றுதான் நினைப்பான். மாத ஆரம்பத்திலேயே தேதி போட்டுக் கொடு. இந்த மேட்ச் அங்கே, இந்த மேட்ச் இங்கே, அங்கே நீ பந்தைக் கையில் வைத்துக்கொண்டு 30 நிமிஷம் ஆடு, இங்கே இந்த ஒரு வேலை மட்டும் செய்.

அந்த ஒரு வேலை என்ன என்பதை நீதான் கண்டுபிடிக்க வேண்டும். கோச்சிடம் போய் "பையனுக்கு நிமிஷம் கொடுங்கள்" என்று கேட்காதே. நிமிஷம் கேட்டுக் கிடைப்பதில்லை. பந்தை எடுத்து வந்து ஆட்டத்தை நடத்துகிற எதிரணியின் இரண்டாவது பாயிண்ட் கார்டை முழுக் கோர்ட்டிலும் ஒட்டிக்கொண்டு தடுக்க இவனால் முடியுமா? மூலையில் நின்று வரும் பந்தை யோசிக்காமல் எறிவானா? ஏதாவது ஒன்றில் கோச் கண்ணை மூடிக்கொண்டு நம்பட்டும். அப்புறம் அவரிடம் ஒரே ஒரு பேரம் பேசு: இரண்டாவது குவார்ட்டரில் நாலு நிமிஷம், தப்பு செய்தாலும் முழுசாக நாலு நிமிஷம். அதைப் பையனுக்கும் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். 20 புள்ளி முன்னால் இருக்கும்போது கடைசியில் இறக்குகிற நிமிஷமெல்லாம் கணக்கில் சேராது. அப்போது எதிரணியே விளையாடுவதில்லை.

ஜெயித்துக்கொண்டே இப்படிச் செய்ய முடியாது என்று உங்கள் ஆள் சொன்னால், ஸ்பெயின் கோச் ஐத்தோ கார்சியா ரெனேசெஸ் பெயரைச் சொல். 2005இல் 14 வயது ரிக்கி ரூபியோவை ஸ்பெயின் முதல் லீகில் இறக்கிய மனுஷன். 70 வயதில் பெர்லினின் ஆல்பா கிளப்புக்கு வந்தார். அவரிடம் இருந்தபோதுதான் பிறகு என்பிஏவுக்குப் போன ஃப்ரான்ஸ் வாக்னர் வளர்ந்தார், 2020இலும் 2021இலும் ஆல்பா லீகை ஜெயித்தது. ஆல்பா பெரிய கிளப், ஆள் பலம் உண்டு என்பார் உங்கள் கோச். உண்மைதான். நாலு நிமிஷத்துக்கு ஆள் பலம் தேவையில்லை என்று சொல்.

பிரிட்டோரியாவில் நடந்த ஆப்பிரிக்கக் கூடைப்பந்து லீகைப் பார்த்தபோதும் எனக்கு இதுதான் தோன்றியது. அங்கே ஒவ்வொரு அணிக்கும் செனகலில் இருக்கிற என்பிஏ பயிற்சி அகாடமியிலிருந்து ஒரு இளம் பையனைக் கொடுத்துவிடுகிறார்கள். அப்படி மூன்று சீசன் மூன்று அணியில் ஆடியவன்தான் காமன் மலுவாச். 2025 என்பிஏ டிராஃப்டில் பத்தாவது இடம்.

இன்னொன்று. அந்தப் பையனின் அம்மாவிடம் உங்கள் கிளப்பில் யாராவது பேசுகிறார்களா? 2025 ஜூலையிலிருந்து அமெரிக்கக் கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். ஏஜெண்டுகள் அவளுக்குப் போன் போட்டுக்கொண்டிருப்பார்கள். வருஷம் பூராவும் மகன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் எந்தத் தாயும் அனுப்பத்தான் பார்ப்பாள், நானாக இருந்தாலும் அனுப்புவேன். அவனுக்காக நீங்கள் போட்டிருக்கிற திட்டத்தை அவளிடம் சொல்லுங்கள். திட்டமே இல்லை என்றால் அதையாவது சொல்லுங்கள், பாவம்.

தைப்பூசத்துக்கு வர முடியாது என்று தெரியும், சீசன் நடுவில் வருகிறது. ஜூனில் வா. அண்ணி நம் ஊர் பங்களாதேஷ் மார்க்கெட்டில் மசாலா வாங்கிப் பார்சல் கட்டி வைத்திருக்கிறாள். பழைய விலாசமா, புது விலாசமா என்று அவளுக்கு மெசேஜ் போடு. அடுத்த மேட்ச் லிங்கை அண்ணனுக்கு அனுப்பு. அவன் மறந்தால் எனக்கே அனுப்பு, திறக்கக் கற்றுக்கொண்டேன்.

அன்புடன்
அம்மா