ஆல்டர்னேட்டரைக் கழற்றுவதற்கு முன்

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, அதை விடு. உன் கார் விஷயத்துக்கு வருகிறேன்.

பேட்டரித் தண்ணீர் சீக்கிரம் வற்றுகிறது, ஹெட்லைட் பல்பும் அடிக்கடி போகிறது என்கிறாய். இரண்டும் சேர்ந்து வந்தால் சார்ஜ் அளவுக்கு மீறி ஏறுகிறது என்றுதான் சந்தேகப்பட வேண்டும். அதற்காக, மெக்கானிக் சொல்கிறார் என்று, எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரை முழுசாக மாற்றச் சம்மதித்துவிடாதே. முதலில் அந்தச் சார்ஜ் அளவுக்கு மீறாமல் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைப் பார். வோல்ட்டேஜ் அளக்கும் மல்டிமீட்டர் ஒன்று போதும்.

இரவு முழுக்க வண்டி நின்றபின், ஸ்டார்ட் செய்யாமல் பேட்டரியை அளந்து பார். 12.6 வோல்ட் பக்கம் இருந்தால் முழுச் சார்ஜ். 12.4-க்கும் கீழே போனால் சார்ஜ் போட்டுவிட்டு அப்புறம் தொடங்கு. காலிப் பேட்டரியை வைத்துக்கொண்டு ரெகுலேட்டரைக் குறை சொல்ல முடியாது.

பிறகு எஞ்சினை ஓடவிட்டு, ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தியபடி பேட்டரி முனைகளிலேயே அள. பெரும்பாலும் 13.8 முதல் 14.5 வரை காட்டும். எஞ்சின் வேகம் கூடக் கூட எண்ணும் ஏறிக்கொண்டே போய் 15-ஐத் தாண்டினால், ஆல்டர்னேட்டருக்குள் சுழலும் காந்தச் சுருளான ரோட்டருக்குப் போகும் கரண்ட்டை யாரும் அடக்கவில்லை என்று அர்த்தம்.

அப்போதும் ரெகுலேட்டர் நிரபராதியாக இருக்கலாம். சில வண்டிகளில் பேட்டரியின் வோல்ட்டேஜை அதற்குத் தெரிவிக்கத் தனி ஒயர் உண்டு. அதன் முனையில் பச்சைக் களிம்பு பூத்திருந்தால் ரெகுலேட்டருக்குக் குறைந்த வோல்ட்டேஜ்தான் தெரியும். பேட்டரி இன்னும் பசியோடு இருக்கிறது என்று நம்பி ஊட்டிக்கொண்டே இருக்கும். எர்த்தையும், அதாவது பேட்டரி நெகட்டிவை வண்டி உடம்போடு சேர்க்கும் இணைப்பையும், பார்த்துவிடு. லைட், ஃபேன் எல்லாம் போட்டு, மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டர் உடம்பிலும் மற்றதை பேட்டரி நெகட்டிவிலும் வை. 0.2 வோல்ட்டுக்கு மேல் வந்தால் எஞ்சினை நிறுத்தி, இணைப்புகளைச் சுரண்டிச் சுத்தம் செய்து, இறுக்கிவிட்டு மறுபடி அள.

எஞ்சின் ஓடும்போதே மீட்டரை ஏசி (மாறுதிசை மின்சாரம்) வோல்ட்டுக்கு மாற்றி பேட்டரியிலும் ஒரு தடவை பார். அரை வோல்ட்டுக்கு மேல் ஏசி காட்டினால், ஆல்டர்னேட்டருக்குள் ஏசியை டிசியாக (நேர்திசை மின்சாரமாக) மாற்றும் டயோடு போயிருக்கும். அப்போது ஆல்டர்னேட்டரை இறக்கத்தான் வேண்டும், மெக்கானிக் சொன்னது சரி. டயோடு நன்றாயிருந்து ரெகுலேட்டர் மட்டும் கெட்டிருந்தால், ரோட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பிரஷ்ஷோடு சேர்ந்த அந்தச் சின்னப் பாகத்தைத் தனியாகவே பல வண்டிகளில் மாற்றிவிடலாம்.

எஞ்சின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றிப் பார்க்கும் பழைய வித்தையை யாராவது காட்ட வந்தால் விடாதே. அந்த நொடியில் வோல்ட்டேஜ் எகிறி, வண்டியிலுள்ள எலெக்ட்ரானிக் பெட்டிகள் போய்விடலாம். புது வண்டிகளில் கம்ப்யூட்டரே சார்ஜைக் கூட்டிக் குறைப்பதால் நான் சொன்ன எண்கள் பொருந்தாது. உன்னுடையது பழசு, கணக்கு சுலபம்.

அளந்ததை எல்லாம் எழுதி அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். மகளுக்கு என் வாழ்த்தைச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்