ரத்தம் எடுக்கப் பழக்குவது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் மகள் டி.எம்.எல்.டி. என்ற ஆய்வக நுட்பப் பட்டயப் படிப்பு முடித்து ஒரு தனியார் ஆய்வகத்தில் சேர்ந்தாள். மூன்றாம் நாளே பையைக் கையில் கொடுத்து, வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வரச் சொல்லிவிட்டார்கள். படிக்கும்போது ரப்பர் கையில் குத்திப் பழகியதும் நாலைந்து பேரிடம் எடுத்ததும்தான் அவள் அனுபவம். அன்று ஒரு பாட்டிக்கு நரம்பு கிடைக்காமல் மூன்று முறை குத்திவிட்டு, வீட்டுக்கு வந்து அழுதாள். பாட்டியும் பாவம், இவளும் பாவம்.

ஊசி குத்துவதுதானே என்று நினைக்கிறார்கள். கையில் கட்டும் பட்டையை ஒரு நிமிடத்துக்கு மேல் இறுக்கி வைத்தாலே சில அளவுகள் மாறலாம். நீல மூடிக் குழாயில் கோடு வரை ரத்தம் நிரம்பாவிட்டால் உறைதல் பரிசோதனை தப்பாகிவிடும். ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் இடிடிஏ என்ற ரசாயனம் கொஞ்சம் சிவப்பு மூடிக் குழாயில் கலந்தாலும் பொட்டாசியம் கூடுதலாகக் காட்டும், டாக்டர் அதை நம்பித்தான் மருந்து எழுதுவார். அப்புறம், பயன்படுத்திய ஊசிக்கு மறுபடி மூடி போடக் கூடாது, தன் கையிலேயே குத்திக்கொள்ளும் ஆபத்து அதில் அதிகம். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறாளா என்றுகூட அங்கே யாரும் கேட்கவில்லை.

துணை மருத்துவப் பணிகளுக்கென்று 2021-இல் மத்திய அரசு தனிச் சட்டமே கொண்டுவந்தது. சரி, ஆய்வகத்துக்குள் என்ன மாறியது? புதிதாக வருபவர்கள் ஒரு மாதமாவது மூத்தவர் பக்கத்தில் நின்று பழக வேண்டும், அதுவரை குழந்தைகளிடமும் வயதானவர்களிடமும் தனியாக அனுப்பக் கூடாது என்று நலவாழ்வுத் துறை கட்டாயமாக்க வேண்டும்.

ஒரு தாய்,
தஞ்சாவூர்