முறுக்கு டப்பா

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே சுகம். சம்பாவுக்கு நாற்று விட்டாயிற்று. அப்பா வயலே கதியென்று கிடக்கிறார்.

பேரனுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் கேட்டதாகச் சொல்லி நீங்கள் எழுதின இலக்குத் தாளைப் போனில் பார்த்தேன். மூன்று மாதத்தில் 100 வார்த்தை, நிறங்கள், ஒன்றிலிருந்து இருபது வரை. கோபித்துக்கொள்ளாதே, இதெல்லாம் ஸ்கூல் அட்மிஷனுக்கு எழுதினது மாதிரி இருக்கிறது. பசித்தால் பிள்ளை 'சிவப்பு' என்றா கேட்பான்? தா, வேணாம், இன்னும், வா, தூக்கு. நாள் பூரா அவனுக்கு உதவுகிற சொல்லாக இந்த ஐந்தை எழுது. இப்போதைக்குப் போதும்.

இரண்டு வயதில் ஐம்பது சொல்லாவது வந்து, இரண்டிரண்டாகச் சேர்க்க ஆரம்பிக்க வேண்டும் என்பார்கள். அவனுக்கு இரண்டே கால். பத்துச் சொல்தான் என்கிறாய். நீ சரியாக எண்ணவில்லை. ஆடியில் வந்திருந்தபோது மதில்மேல் உட்கார்ந்த காக்காயைக் காட்டி 'தாத்தா' என்றான். உள்ளே இருந்த உன் அப்பா 'என்னய்யா' என்று எழுந்து வந்துவிட்டார். அவன் நாக்குக்கு 'க' இன்னும் பிடிபடவில்லை, 'த' தான் வருகிறது. இந்த வயதில் அது சகஜம். தாத்தாவுக்கு ஒன்று, காக்காவுக்கு ஒன்று என்று இரண்டாகக் கணக்கு வை. மாட்டைப் பார்த்து 'ம்மா' என்பதும் சொல்தான். 'கா சொல்லு, கா சொல்லு' என்று வாயைப் பிடுங்காதே. 'ஆமா, காக்கா பறக்குது' என்று நீ சொல்லிவிட்டுப் போ. அவன் ஒரு சொல் சொன்னால் நீ இரண்டாக்கிக் கொடு, அவ்வளவுதான்.

அப்புறம் இன்னொன்று. உங்கள் வீட்டில் அவன் வாய் திறக்க அவசியமே இல்லை. கண் போகிற திசைக்கு முன்னாலே தண்ணீர் டம்ளர் வந்துவிடுகிறது. நான் முறுக்கு டப்பாவை அவன் கையிலேயே கொடுத்துவிட்டு, மூடியை இறுக்கி வைத்திருந்தேன். தட்டினான், உருட்டினான், பல்லால் கடித்தான். பிறகு டப்பாவை என் மடியில் வைத்து முகத்தைப் பார்த்தான். நான் மனசுக்குள் பத்து எண்ணினேன். ஏழிலேயே 'தொ' என்றான். திறந்துவிட்டேன். பத்து எண்ணின பிறகும் கொடுக்காமல் அழவிட்டுப் பிடிவாதம் பிடிக்கக் கூடாது, பார்த்துக்கொள்.

அதனால் தாளில் 'அவன் சொல்வான்' என்று எழுதாதே. 'நாங்கள் காத்திருப்போம், தினம் ஐந்து தடவை' என்று எழுது. அவன் நாக்கு நம் கையில் இல்லை, நம் வாய் நம் கையில் இருக்கிறது. அங்கன்வாடியில் இத்தனை வருஷம் இருந்தவள் சொல்கிறேன்.

ஆனால் முதல் வரியில் காது டெஸ்ட் இருக்க வேண்டும். கூப்பிட்டால் திரும்புகிறானே என்று விட்டுவிடாதே. நீயும் திரும்பினாய். ஆம்பிளைப் பிள்ளை மெதுவாகத்தான் பேசும் என்று எல்லாரும் சொன்னார்கள், உன் அப்பாயி வசம்பு உரசி நாக்கில் தடவினார், நானும் சும்மா இருந்தேன். மூன்றரை வயதில்தான் டாக்டர் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருப்பதைக் கண்டுபிடித்தார். குளத்தில் முங்கினவனுக்குக் கரைப்பேச்சு கேட்கிற மாதிரிதான் அதுவரை உனக்குக் கேட்டிருக்கும். 'காது கேட்கலையாடா உனக்கு' என்று உன்னை அடித்திருக்கிறேன் தம்பி. இப்போது நினைத்தாலும் கை கூசுகிறது. வசம்பு பக்கமே போகாதே, சின்னப் பிள்ளைக்கு அது ஆகாது.

தமிழை விட்டுவிட்டு இங்கிலீஷ் மட்டும் பேசச் சொன்னாராமே யாரோ. இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாகாது. உனக்கும் மருமகளுக்கும் வாயில் தானாக வருகிற மொழியிலேயே பேசுங்கள். போனை மட்டும் சாப்பாட்டு நேரத்தில் தள்ளி வையுங்கள்.

தை மாதம் வரும்போது சீர்காழிப் பக்கம் திருக்கோலக்காவுக்குப் போய்வரலாம். சம்பந்தர் தாளத்துக்கு ஓசை கொடுத்த அம்பாள் அங்கே கோயிலில் இருக்கிறாள், பேச்சு வர வேண்டும் என்று பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போவார்கள். எனக்கு நம்பிக்கை உண்டு. டெஸ்ட் ரிப்போர்ட்டோடு வந்தால் அவளுக்கும் சந்தோஷம்தான்.

முறுக்கு பார்சல் அனுப்பியிருக்கிறேன். மூடி இறுக்கமான டப்பா. நீ திறந்து கொடுத்துவிடாதே.

அம்மா