சட்டியும் பானையும் மட்டுந்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் பழைய சீன, யப்பானியப் பீங்கான்கள் சேகரிப்பது பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. எங்கள் ஊருக்கு ஞாயிறு பேப்பர் பல கிழமைகளில் திங்கட்கிழமைதான் வந்து சேர்கிறது. அதனால் எனக்குக் கோபமும் ஒரு நாள் பிந்தித்தான் வந்தது. கொழும்பு அலுமாரிகள், கண்டி வளவுகள், யாழ்ப்பாணத்து நாற்சார் வீடுகள் என்று ஆறுதலாகச் சுற்றிவந்த உங்கள் கட்டுரையாளர், வன்னி என்றதும் ஒரே வரியில் அலுவலை முடித்துவிட்டார்: "அங்கே சட்டி பானையைத் தவிர வேறு எதைத்தான் சேர்த்திருக்கப் போகிறார்கள்!" ஆச்சரியக்குறி அவருடையது, நான் போட்டதல்ல.

சட்டி பானையை நான் குறைவாக நினைக்கிறவள் இல்லை. வற்றாப்பளை அம்மனுக்குக் கடல்நீரில் விளக்கெரிக்கிற பகுதியைச் சேர்ந்தவள் நான். மண்பாண்டத்தின் பெருமையை எனக்கு எவரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் எங்கள் அம்மம்மாவின் குசினி மூலையில் இடுப்பளவு உயரத்தில் ஒரு சீனச்சாடி நின்றது. மண்ணிறம். தோளைச் சுற்றி நாலு காதுகள், கயிறு கோத்துத் தூக்குவதற்கு. மேலே ஊற்றிய மினுக்கம் கீழே வழிந்து, காய்ச்சிய பாணி உறைந்ததுபோல இடையிடையே துளியாக நின்றுவிட்டிருக்கும். அதற்குக் கீழே வெறும் களிமண், அடியில் சூளை மணல் ஒட்டியபடி. அம்மம்மா அதில் பழம்புளி போட்டு வைப்பார். நாங்கள் விரலால் சுண்டினால் வெண்கலம்போல் ஒலிக்கும், உடனே திண்ணையிலிருந்து பேச்சும் விழும்.

இந்த வகைச் சாடிக்கு 'மார்த்தபான்' என்று பெயர் என்பது பின்னாளில்தான் எனக்குத் தெரிய வந்தது. பர்மாவின் துறைமுகப் பெயர் அது. செய்தது தென்சீனமாகவும் இருக்கலாம், சீயமாகவும் (இன்றைய தாய்லாந்து) இருக்கலாம், பர்மாவாகவே இருக்கலாம். கப்பலில் தண்ணீரும் எண்ணெயும் ஊறுகாயும் கொண்டுபோன பாத்திரம். 1344இல் புத்தளத்தில் யாழ்ப்பாண அரசர் ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்த மொரோக்கோப் பயணி இபுன் பதூதாவும், உப்பிலிட்ட இஞ்சியும் மிளகும் எலுமிச்சையும் மாங்காயும் நிரப்பிய மார்த்தபான்களைப் பற்றி எழுதியிருக்கிறார். உங்களுக்கு இது தெரியாமல் இருக்காது. உங்கள் கட்டுரையாளருக்கும் ஒரு தொலைபேசியில் சொல்லியிருக்கலாம்.

இனி அந்தப் படம். 'மிங் காலத்துத் தட்டு' என்று கீழே போட்டிருந்தீர்கள். பக்கத்திலேயே தட்டைக் கவிழ்த்து எடுத்த படமும் இருந்தது. அதன் முதுகில் ஆங்கில எழுத்தில் 'சைனா' என்றிருப்பது என் வெள்ளெழுத்துக் கண்ணுக்கே தெரிகிறது. மிங் ஆட்சி 1644இல் முடிந்தது. தன் நாட்டுக்கு வரும் சாமானில் அது செய்யப்பட்ட நாட்டின் பெயர் இருக்கவேண்டும் என்று அமெரிக்கா 1890இல் போட்ட சட்டம் 1891இல் நடைமுறைக்கு வந்த பிறகுதான் இப்படிப் பெயர் குத்துவது பரவியது. மிங் அரசர் அவ்வளவு முன்யோசனையோடு ஆங்கிலம் படித்தாரோ என்னவோ! சீன எழுத்து முத்திரை இருந்தாலும் அவசரப்படக்கூடாது. காங்ஷி அரசர் காலத்தில், அதாவது 1662க்கும் 1722க்கும் இடையில் செய்த பாத்திரங்களிலேயே, 15ஆம் நூற்றாண்டு செங்ஹுவா அரசரின் பெயரைப் போட்டிருக்கிறார்கள். ஏமாற்றுவதற்கு மட்டுமல்ல, பழையவர்கள் மீதுள்ள மரியாதையிலும் அப்படிச் செய்தார்கள்.

நான் மட்டும் பிழை விடாதவளா? எங்கள் வீட்டில் நீலப்படம் போட்ட ஒரு கோப்பை இருந்தது. பாலம், பாலத்தில் மூன்று பேர், மேலே இரண்டு குருவிகள். நாற்பது வருடம் அதைச் 'சீனக் கோப்பை' என்று வகுப்புப் பிள்ளைகளுக்கெல்லாம் கொண்டுபோய்க் காட்டினேன். ஒருநாள் ஆற அமரப் பார்த்தபோது விளிம்பில் ஓரிடத்தில் படம் ஒன்றோடொன்று பொருந்தாமல் வெட்டுப்பட்டுக் கிடந்தது. கையால் தீட்டியதில் அப்படி வராது. அச்சுத் தாளை ஒட்டி எடுக்கும்போது தாளின் இரண்டு முனையும் சேருகிற இடம் அது. சீனத்தைப் பார்த்து இங்கிலாந்தில் அடித்த படம். பழைய மாணவிகளைக் காணும்போது இன்னும் வெட்கமாகத்தான் இருக்கிறது. அதற்காக ஒரு பேப்பரில் முழுப்பக்கம் எழுதி நான் அதை மிங் ஆக்கவில்லை.

கட்டுரையின் கடைசிப் பத்தியை வாசித்தபோது எனக்கு நெஞ்சு பதறியது. மன்னாரில் பழைய துறைமுகம் இருந்த மாந்தைப் பக்கம் மழை விட்டபின் நடந்தால் பீங்கான் ஓடுகள் பொறுக்கலாமாம், கொஞ்சம் கிண்டினால் நல்லதும் கிடைக்குமாம். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் இன்னும் இருக்கிறது ஐயா. 1815 மார்ச் 2க்கு முந்தியது தொல்பொருள். அனுமதி இல்லாமல் அதைத் தேடிக் கிண்டுவது குற்றம். சட்டத்தை விடுங்கள், எங்கள் பக்கத்து மண்ணைக் கிண்டினால் ஓடு மட்டுமா வரும்?

மாந்தையைக் கிண்டச் சொன்னவருக்கு மாந்தை எங்கே இருக்கிறது என்பது மறந்துபோய்விட்டது. வாக்குக் கேட்கும்போது மட்டும் மன்னார் வன்னித் தேர்தல் மாவட்டம், பீங்கான் என்று வந்தால் வன்னியில் சட்டி பானை! 1983 சிவராத்திரிக்கு மாந்தையில் உள்ள திருக்கேதீச்சரம் கோயிலுக்குப் போனபோது தொல்லியலாளர் ஜோன் காஸ்வெல் குழுவினர் அகழ்ந்த குழிகளை நானே எட்டிப் பார்த்தேன். 1980இல் தொடங்கிய வேலை அது, 1984இல் யுத்தத்தால் நின்றது. சீனத்துச் சாங்ஷா கிண்ணங்கள், பச்சை மினுக்கம் பூசிய யூ வகை, பாரசீகத்து நீலப்பச்சைச் சாடிகளின் துண்டுகள் எல்லாம் அங்கே கிடைத்தவை. அதே சாங்ஷா வகைக் கிண்ணங்களை ஏற்றிக்கொண்டு போய் இந்தோனேசியாவின் பெலிதுங் தீவுக்கருகே மூழ்கிய கப்பல் 1998இல் அகப்பட்டது. அதில் இருந்த ஏறக்குறைய 60,000 பாத்திரங்களில் ஒன்றில் 826ஆம் ஆண்டைக் குறிக்கும் தேதி இருக்கிறது. அந்தக் காலத்திலேயே வெளிநாட்டுப் பீங்கான் இறங்கிய துறை எங்களுடையது. மாந்தை அகழ்வின் முழு அறிக்கை 2013இல்தான் புத்தகமாக வந்தது, அதுவும் யுத்தத்தின் புண்ணியம். உங்கள் கட்டுரையாளருக்கு அப்படி என்ன தடை என்று தெரியவில்லை.

சரி, சாமான்கள் எங்கே என்று கேட்பீர்கள். 2008 மார்கழியில் யுத்தத்தால் நாங்கள் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் அரிசி மூட்டைக்கும் மாமியாருக்கும்தான் இடம் இருந்தது. சாடியைப் பின்வளவில் கிடங்கு வெட்டி, வாயைச் சாக்கால் கட்டி, நிறுத்தினபடியே தாட்டோம். உள்ளே அம்மம்மாவின் குத்துவிளக்கும் அந்த நீலக் கோப்பையும். செட்டிகுளம் அகதி முகாமில் இருந்து 2011இல் திரும்பிவந்து பார்த்தால் கிடங்கு இருந்தது, சாடி இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் தாட்டது தப்பியது. ஆனால் ஏ-9 பாதையால் வான் பிடித்துப் பழம்சாமான் தேடி வந்தவர்கள், அவரிடம் இரண்டு பிளாஸ்ரிக் கதிரையைக் கொடுத்து அதை ஏற்றிக்கொண்டு போனார்கள். தறப்பாளுக்குக் கீழே வெறுநிலத்தில் இருந்த மனுசனுக்குக் கதிரைதான் பெரிதாகத் தெரிந்தது. அவரை நான் குறைசொல்ல மாட்டேன். உங்கள் கட்டுரையில் வருகிற கொழும்பு அலுமாரிகளில் எத்தனைக்குள் இப்படிக் கதிரைக்குப் போன சாமான் இருக்கிறதோ!

கடைசியாக, 2017இல் இதே பத்திரிகை 'உங்கள் வீட்டுப் பழம்பொருள்' என்று வாசகர்களிடம் படம் கேட்டிருந்தது. தங்கச்சியின் 1986ஆம் ஆண்டுக் கலியாணப் படம் ஒன்றைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். மாப்பிள்ளை பொம்பிளைக்குப் பின்னால் அந்தச் சாடி, வாயில் தென்னம்பாளை செருகியபடி நிற்கும். எங்கள் படங்கள் எல்லாம் போனபிறகு கனடாவில் இருந்து அவள் அனுப்பியிருந்த ஒரே பிரதி அது. திருப்பி அனுப்ப முத்திரை ஒட்டிய உறையும் வைத்திருந்தேன். படம் பிரசுரமாகவில்லை, திரும்பவும் வரவில்லை. இரண்டு தரம் எழுதினேன். ஒருமுறை தொலைபேசி எடுத்தபோது பேசிய தம்பி "அம்மா, எடுத்து வைத்திருக்கிறோம்" என்றார். எங்கே எடுத்து வைத்தார் என்று சொல்லவில்லை. வன்னியில் இப்படி ஒன்று இருந்தது என்பதற்கான அத்தாட்சியை உங்கள் கந்தோர் இலாச்சிக்குள் வைத்துக்கொண்டே, எங்களிடம் ஒன்றும் இருந்ததில்லை என்று அச்சடித்திருக்கிறீர்கள்.

இந்தக் கடிதத்தைப் போடுவதும் விடுவதும் உங்கள் விருப்பம். போனமுறை போல பாதியில் வெட்டிப் போடுவதானால் போடவே வேண்டாம். அந்த மிங் தட்டுக்கு ஒரு திருத்தம் போடுங்கள், சின்னதாக என்றாலும் பரவாயில்லை. படத்தை ஒருக்கால் தேடி அனுப்பிவிடுங்கள். இத்துடன் முகவரி எழுதிய உறை வைத்திருக்கிறேன். தபால் கட்டணம் கூடியிருப்பதால் இம்முறை முத்திரை கொஞ்சம் அதிகமாகவே ஒட்டியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
முள்ளியவளை.